டோரிபாஷ்: அடிக்கப் போனவரே ஏன் முதலில் விழுகிறார்? (20 மூட்டு, 4 நிலை, சமநிலை பற்றிய இழை)

#1 ஈர்ப்புமையம்

சண்டை கேம் என்றாலே ஒரு பட்டனுக்கு ஒரு குத்து என்று கை பழகியிருக்கும். டோரிபாஷில் குத்துக்கென்று பட்டனே கிடையாது. டோரி, உக்கே என்று இரண்டு உருவங்கள். ஜூடோவிலும் ஐகிடோவிலும் பிடியைப் போடுபவர் டோரி, அதை வாங்குபவர் உக்கே. பெயர் அங்கிருந்து வந்தது. ஒவ்வொரு உருவத்திலும் 21 உடல் பாகங்கள், அவற்றைக் கோக்க 20 மூட்டுகள். நடுவில் கழுத்து, மார்பு, லம்பார் (கீழ்முதுகு), வயிறு என்று நாலு. மீதி 16-ம் இடமும் வலமுமாக எட்டு ஜோடி: பெக் (மார்புப் பக்கம், கையை முன்னும் பின்னும் வீசுவது), தோள், முழங்கை, மணிக்கட்டு, குளூட் (பிட்டம்), ஹிப் (இடுப்பு), முழங்கால், கணுக்கால்.

ஒவ்வொரு மூட்டுக்கும் நாலே நிலை. ஹோல்ட் கொடுத்தால் இருக்கும் கோணத்தில் இறுகும். ரிலாக்ஸ் என்றால் துணிபோலத் தொங்கும். கான்ட்ராக்ட் (மடக்கு), எக்ஸ்டெண்ட் (நீட்டு) இரண்டும் மோட்டார் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். தோளில் இதையே ஏற்று, இறக்கு என்றும், மார்பில் இடச் சுழற்சி, வலச் சுழற்சி என்றும், லம்பாரில் இடச் சாய்வு, வலச் சாய்வு என்றும் பார்ப்பீர்கள். ஆட்டம் நின்றிருக்கும்போது இரண்டு பேரும் மறைவாக மூட்டுகளை அமைக்கிறார்கள். பிறகு 10 அல்லது 20 ஃப்ரேம் (அசைவின் ஒரு சிறு துண்டு) ஓடும், திரும்ப நிற்கும். இப்படி ஒரு தடவை அமைத்து ஓடுவதுதான் ஒரு முறை. நாலை இருபது முறை பெருக்கிப் பாருங்கள்: ஒரே முறையில் தேர்ந்தெடுக்கக்கூடிய அமைப்புகள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல்.

சிங்கப்பூரில் ஹாம்பஸ் சோடர்ஸ்ட்ரோம் தொடங்கிய நாபி ஸ்டூடியோஸின் கேம் இது. 2006-இல் வெளியானது, 2014-இல் ஸ்டீம் என்ற கேம் தளத்துக்கு வந்தது, காசு கொடுக்க வேண்டியதில்லை. அசைவுகள் முழுவதையும் கணக்கிடுவது ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின் என்ற இயற்பியல் மென்பொருள். எழுதி வைத்த அனிமேஷன் ஒன்றுகூட இல்லை. அதனால் எதிராளியிடம் தோற்பதற்கு முன்னால் எல்லோரும் தன் எடையிடம்தான் தோற்கிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் இங்கே அலசுவோம். கேள்வி கேட்பவர்கள் மோட் (ஆட்ட விதிகளின் தொகுப்பு) பெயர், டர்ன்ஃப்ரேம் (ஒரு முறைக்கு எத்தனை ஃப்ரேம்), என்ன அமைத்தீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

#2 முதல்படி

அப்படியே கேட்கிறேன். ஐகிடோபிக்டோஜோ மோட், ஃப்ரீ பிளே (தனியாக ஆடும் பயிற்சி), டர்ன்ஃப்ரேம் 20. சி விசை அழுத்தி எல்லா மூட்டும் ஹோல்ட். அதன் பிறகு வலது பெக் கான்ட்ராக்ட், வலது முழங்கை எக்ஸ்டெண்ட், மார்பு இடச் சுழற்சி. மூன்றும் ஒரே முறையில். ஸ்பேஸ் அழுத்தி ஓடவிட்டேன். கை முன்னால் போகிறது, கூடவே உடம்பு பின்னால் சாய்கிறது. மூன்று நாலு முறைக்குள் முதுகு தரையில், டிஸ்குவாலிஃபை (தரையைத் தொட்டதால் தோல்வி). உக்கே தொடவே இல்லை. எல்லாமே ஹோல்டில் இருக்கும்போது எப்படி விழும்?

#3 பம்பரம்

விழறதுக்குக் காரணமே அந்த ஹோல்ட்தான் நண்பரே. ஹோல்ட்னா "நில்லு"ன்னு அர்த்தம் இல்ல. "இப்ப இருக்கற கோணத்துல இறுகிக்கோ", அவ்வளவுதான். கணுக்கால், முழங்கால், ஹிப், வயிறு எல்லாம் இறுகினா உள்ளங்கால்ல இருந்து கழுத்து வரைக்கும் ஒரே மரக்கட்டை. அந்தக் கட்டையோட மேல்முனைல கையை வேகமா முன்னால தள்ளினா, அதே அளவு தள்ளு மார்புமேல பின்பக்கமா விழும். கட்டை குதிகால்மேல ஏறிடும். ஏறினதுக்கு அப்புறம் ஹோல்ட் அதைக் காப்பாத்தாது. நின்ன உருவம் மாறாம அப்படியே விழ வைக்கும்.

ஒரு முறையும் சி அழுத்தாம ஸ்பேஸ் மட்டும் அழுத்திப் பாருங்க, துணிமூட்டை மாதிரி அங்கயே குவியும். ஒண்ணு துணிமூட்டை, இன்னொண்ணு மரக்கட்டை. நமக்கு வேணுங்கறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. திருத்தம் இப்படிப் போடுங்க:

முதல்ல டர்ன்ஃப்ரேமை 10 ஆக்குங்க. 20-ல தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே கண்ணுக்குத் தெரியாது.

முதல் முறை: சி. ரெண்டு முழங்காலும் கான்ட்ராக்ட், வயிறு கான்ட்ராக்ட். கை பக்கமே போகாதீங்க. உடம்பு கொஞ்சம் இறங்கி முன்னால குனியணும். எடை குதிகால்ல இருந்து முன்பாதத்துக்கு வரும்.

ரெண்டாவது முறை: முழங்கால், வயிறு திரும்ப ஹோல்ட். மார்பு இடச் சுழற்சி. வலது பெக் ரிலாக்ஸ். இடது பெக் எக்ஸ்டெண்ட், அதாவது இடது கை பின்னால போகணும். நடக்கறப்ப ஒரு கை முன்னால வந்தா மத்தது பின்னால போகுதே, அதே கணக்கு. வலது கை உடம்பைத் திருப்பற திருப்பத்துல பாதியை இடது கை தின்னுடும்.

மூணாவது முறை: இப்பத்தான் வலது பெக் கான்ட்ராக்ட்.

நாலாவது முறை: மார்பு ஹோல்ட், வலது முழங்கை எக்ஸ்டெண்ட்.

நீங்க மூணு மூட்டையும் ஒரே நேரத்துல முடுக்கினீங்க. அப்படிச் செஞ்சா மூணோட எதிர்த்தள்ளும் ஒரே கணத்துல காலுக்கு இறங்கும். சாட்டை சொடுக்கற மாதிரி நடுவுல ஆரம்பிச்சு நுனிக்குப் போங்க. அதே மோட்டார் பலம்தான், ஆனா கைமுஷ்டி வேகமா வரும், கால் தரையை விடாது.

#4 கல்தூண்

பம்பரம் சொன்ன வரிசை சரி. ரெண்டாவது முறையில் பெக்கை ரிலாக்ஸ் விட்டு அப்படியே மறந்துவிடுபவர்கள் பலர், அங்கே எச்சரிக்கை வேண்டும். தளர்ந்த கை மோதினால் மோதுவது அந்த முன்கையின் எடை மட்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் இறுகியிருந்தால் பின்னால் உள்ள உடம்பின் எடையும் சேர்ந்து மோதுகிறது. ஒரே வேகத்தில் வந்த இரண்டு குத்துகளில் ஒன்று சும்மா தட்டிவிட்டுப் போவதும் இன்னொன்று உக்கேவின் தலையைக் கழற்றுவதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான். படும் கணத்தில் ஹோல்ட். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

#5 பம்பரம்

@கல்தூண், அடிக்கறவருக்கு ஒத்துக்கறேன். அடி வாங்கறவருக்கு நேர் எதிர். வர்ற காலுக்கு முன்னால கையை இறுக்கி நிறுத்தினா அந்த மூட்டுதான் முழு அதிர்வையும் வாங்கும், டிஸ்மெம்பர் அளவைத் தாண்டினா கழன்று போயிடும். அதே கையைத் தளர விட்டா அடியோட சேர்ந்து ஒதுங்கிப் போகும், புள்ளியும் கம்மியாத்தான் எதிராளிக்குப் போகும்.

இன்னொரு சிக்கல், "படும் கணம்" நம்ம கைல இல்ல. டர்ன்ஃப்ரேம் 30 இருக்கற ரூம்ல (ஆன்லைன் ஆட்ட அறை) கை 12-வது ஃப்ரேம்ல போய்ப் படுதுன்னு வைங்க. முறை ஆரம்பத்துலயே ஹோல்ட் போட்டா வீச்சு அங்கயே செத்துடும். முழங்கையை எக்ஸ்டெண்ட்லயே விட்டு, தோளையும் மணிக்கட்டையும் மட்டும் இறுக்கறது நல்லது. முழங்கை தன் எல்லை வரைக்கும் நீண்டுட்டா அதுக்கு மேல போக வழி இல்லாம கிட்டத்தட்ட இறுகினது மாதிரியே வேலை செய்யும். டர்ன்ஃப்ரேம் 10-ன்னா நீங்க சொல்றபடி ஒரு முறை முன்னாடி ஹோல்ட் போடலாம்.

#6 கல்தூண்

30-க்கு அது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

#7 முதல்படி

பம்பரம் சொன்ன நாலு முறையை அப்படியே போட்டேன், முதுகில் விழுவது நின்றுவிட்டது. அடுத்த கேள்வி. ஆன்லைனில் கோஸ்ட் நிழல் (முறை முடிவில் உடம்பு எங்கே இருக்கும் என்ற முன்னோட்டம்) நான் நிமிர்ந்து நிற்பதாகக் காட்டுகிறது. ஸ்பேஸ் அழுத்தினால் அதற்கடுத்த முறையிலேயே சரிகிறேன். நிழலை நம்பலாமா கூடாதா?

#8 ஈர்ப்புமையம்

நிழல் பொய் சொல்வதில்லை, பாதிதான் சொல்லும். இரண்டு விஷயங்களை அது காட்டாது.

முதலாவது, எதிராளியின் புதிய அமைப்பு. உக்கே கடந்த முறையில் வைத்திருந்த நிலைகளையே தொடர்வான் என்று வைத்துத்தான் நிழல் கணக்கிடப்படுகிறது. இந்த முறை அவர் ஹிப்பை மாற்றிவிட்டால், மோதலுக்குப் பிந்தைய நிழல் முழுக்க வீண். மோதலுக்கு முந்தைய பகுதியை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவதுதான் உங்கள் சிக்கல். நிழல் இடத்தைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. முறையின் கடைசி ஃப்ரேமில் உடம்பு நேராக இருக்கலாம், ஆனால் அது நேராக நிற்கிறதா, நேர்நிலையைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறதா? ஊஞ்சல் அடிப்பகுதிக்கு வரும்போதும் நேராகத்தான் தொங்குகிறது, அதன் வேகம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: இப்போதைய தலைக்கும் நிழலின் தலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். 10 ஃப்ரேமில் தலை ஒரு தலையளவுக்கு மேல் நகர்ந்தால், அடுத்த முறையிலும் ஏறக்குறைய அதே அளவு நகரும் என்று கொள்ளுங்கள். அந்த இடம் இரண்டு பாதங்களுக்கு நடுவே விழுகிறதா? வெளியே விழுந்தால் இந்த முறையே ஒரு காலை அந்தப் பக்கம் எடுத்து வையுங்கள். விழத் தொடங்கிய பிறகு கால் வைத்தால் எட்டாது.

ஃப்ரீ பிளேயில் ஷிஃப்டுடன் ஸ்பேஸ் அழுத்தினால் ஒரே ஒரு ஃப்ரேம் நகரும். உக்கேவின் மூட்டுகளையும் அங்கே நாமே அமைக்கலாம். ஒரே குத்தை நின்ற உக்கே, குனிந்த உக்கே, முன்னால் பாயும் உக்கே என்று மூன்று விதமாகச் சோதியுங்கள். மூன்றிலும் நிற்க முடிந்த அமைப்பை மட்டும் ஆன்லைனுக்குக் கொண்டுபோங்கள்.

#9 வலைக்கயிறு

ஐகிடோ மோட்களில் குத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பது பிடி. கை, பாதம் தவிர எந்தப் பாகம் முதலில் தரையைத் தொட்டதோ அவர் காலி. எத்தனை அடி அடித்தீர்கள் என்பதற்கு அங்கே வேலையில்லை.

கைமேல் கர்சரை வைத்து வி விசை அழுத்தினால் கிரிப். கை எதிராளியின் உடம்பில் பட்டால்தான் ஒட்டும். காற்றில் பிடி கிடையாது. ஒட்டிவிட்டால் இரண்டு உடம்பும் ஒரே சங்கிலி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: பிடித்த கையின் தோளையும் முழங்கையையும் இறுக்கி வைப்பது. இறுக்கினால் அவர் எம்பும்போது உங்கள் மார்பும் கூடவே எழும். முதல் முறை முழங்கை ரிலாக்ஸ், தோள் மட்டும் ஹோல்ட். அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் முன்னால் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். அந்தத் தள்ளையே பயன்படுத்துங்கள். லம்பாரை ஒரு பக்கம் சாய்த்து, மார்பை அதே பக்கம் சுழற்றி, பிடித்த முழங்கையை இப்போது கான்ட்ராக்ட். மற்றக் காலின் முழங்காலை மடக்கி எடையை இறக்குங்கள். உங்கள் ஈர்ப்பு மையம் அவருடையதைவிடக் கீழே இருந்தால் எறிவது நீங்கள். மேலே இருந்தால் எறியப்படுவதும் நீங்களே.

பிடியை எப்போது விடுவது? அவருடைய இரண்டு பாதங்களும் தரையை விட்ட பிறகு, முதுகு தரைப்பக்கம் திரும்பும்போது. முன்னதாக விட்டால் அவர் காலை ஊன்றிக்கொள்வார். பின்னதாக விட்டால் அவருடைய எடை உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

இருவரும் சேர்ந்து விழும் நிலை வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு ஃப்ரேம் தாமதமாகத் தொட்டாலே வெற்றி. பிடியை விடாமல் கான்ட்ராக்ட் கொடுத்து அவரை அடியில் இழுங்கள். ஓய்ந்திருக்கும் இன்னொரு கையைத் தரைப்பக்கம் நீட்டி ஹோல்ட். உள்ளங்கை ஊன்றுவதற்கு அனுமதி உண்டு. தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேக்களைப் பார்த்தால், சும்மா தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை நீட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று தெரியும்.

#10 நடுவர்மேசை

ரூம் விதிகளைப் படிக்காமல் யாரும் உள்ளே போக வேண்டாம், அதனால் இந்தப் பதிவு.

இயல்பான அமைப்பில் ஆட்டம் 500 ஃப்ரேம், ஒரு முறைக்கு 10. அதாவது 50 முறை யோசிக்கலாம். டர்ன்ஃப்ரேம் 50 என்றால் பத்தே முறை. இரண்டும் ஒரே கேம் அல்ல. முதலாவதில் தவறைத் திருத்த வாய்ப்பு இருக்கிறது, இரண்டாவதில் முதல் அமைப்பே பாதி ஆட்டம். சில மோட்களில் 40, 30, 20, 10 என்று காற்புள்ளி போட்ட பட்டியல் இருக்கும்: முதல் முறை 40 ஃப்ரேம் ஓடும், அடுத்தது 30, இப்படிக் குறைந்துகொண்டே வரும். அத்தகைய மோடில் தொடக்க முறைக்கு வேகமான சுழற்சி போடாதீர்கள், 40 ஃப்ரேம் வரை நிறுத்த வழியில்லை.

என்கேஜ் டிஸ்டன்ஸ் என்பது இருவரும் தொடங்கும் இடைவெளி. இயல்பு 100. அது குறைந்தால் கை முதல் முறையிலேயே எட்டும், பிடி முக்கியம். கூடினால் ஓடி வந்து உதைக்க இடம் கிடைக்கும், கால் முக்கியம். டிஸ்மெம்பர்மெண்ட் இருந்தால் மூட்டு கழலும். ஃப்ராக்சர் இருந்தால் கழலாது, ஆனால் அந்த மூட்டு வலுவிழந்துவிடும். ஃப்ராக்சர் உள்ள ஜூடோஃப்ராக் மோட் ஆடுபவர்கள் எதிராளியின் முழங்காலையே குறிவைப்பது அதனால்தான்.

மோட் கோப்புகள் டிபிஎம் வடிவில் உள்ள வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் இந்த எண்கள் எல்லாம் கண்முன்னால் இருக்கும்.

புதியவர்கள் கிளாசிக் மோடிலேயே ஊறிப்போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அங்கே விழுந்தாலும் ஆட்டம் தொடரும், புள்ளிதான் கணக்கு. தரையில் உருண்டுகொண்டே ஜெயிக்கப் பழகிவிட்டால் பிறகு நிற்கப் பழகுவது கடினம்.

#11 தெற்குவாசல்

இடையில் ஒன்று. யுவர் ஒன்லி மூவ் இஸ் ஹசில் ஆடுபவர்கள் இங்கே வந்தால் எளிதாக இருக்குமா? அதுவும் நிறுத்தி நிறுத்தி ஆடுவதுதானே.

#12 ஈர்ப்புமையம்

ஐவி ஸ்லை உருவாக்கி 2023-இல் ஸ்டீமுக்கு வந்த கேம். எதிராளியின் மனதைப் படிப்பது, ஒரே நேரத்தில் மறைவாகத் தேர்ந்தெடுப்பது, இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு அடிக்கும் பெயர் உண்டு, எத்தனை ஃப்ரேம் என்பது எழுதி வைத்த எண். எதிராளி என்ன செய்வார் என்று நாமே ஒரு அடியைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் பார்க்கலாம். இங்கே அடியையே நாம் செய்ய வேண்டும். அங்கே கவுபாய் என்ற பாத்திரத்தின் வாள் தானாக நேராகப் போகும், டோரியின் கை அப்படிப் போகாது.

#13 பம்பரம்

பயிற்சிக்கு ஒரு குறிப்பு. ரீப்ளே கோப்பும் எழுத்துக் கோப்புதான், ஆர்பிஎல் வடிவம். எந்த ஃப்ரேம்ல எந்த மூட்டு எந்த நிலைக்கு மாறிச்சுங்கறது வரி வரியா இருக்கும். நல்லா ஆடறவரோட ரீப்ளேவைப் போட்டு நடுவுல நிறுத்தி, அங்கிருந்தே மாத்தி ஆடிப் பாக்கலாம். அவர் ஹோல்ட் வெச்ச ஒரு கணுக்காலை மட்டும் ரிலாக்ஸ் ஆக்கிப் பாருங்க. எது அலங்காரம், எது தூண்னு அப்பத்தான் புரியும்.

பெல்ட் நிறத்தைப் பாத்து மிரளாதீங்க. அது எத்தனை ஆட்டம் ஆடினார்ங்கற கணக்கு, எத்தனை ஜெயிச்சார்ங்கறது இல்ல. கருப்பு பெல்ட்காரர் மூணே மாதிரித் தொடக்கத்தை மாத்தி மாத்திப் போடுவார். ரூம்ல ஜெயிச்சவர் அடுத்த ஆட்டத்துக்கும் நிப்பார், மத்தவங்க வரிசைல காத்திருப்போம் இல்லையா? அந்த நேரத்துல அவர் முதல் முறைல மார்பை எந்தப் பக்கம் சுழற்றறார்னு மட்டும் குறிச்சு வைங்க.

#14 முதல்படி

வலைக்கயிறு சொன்னபடி முழங்கையைத் தளர்த்திப் பிடித்தேன், அவர் எம்பியபோது நான் எழவில்லை. நன்றி. இன்னும் ஒன்று பாக்கி. நாலு முறைக் குத்து முடிந்ததும் வலது பாதம் தரையிலிருந்து எழும்பி, உடம்பு முழுக்க இடப்பக்கமாகச் சுற்றுகிறது. விழவில்லை, ஆனால் எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

#15 பம்பரம்

மார்புச் சுழற்சியை நாலாவது முறைல ஹோல்ட் போட்டதும் அந்தச் சுழல் எங்கயும் போகலை, இடுப்புக்கு இறங்கி உடம்பையே திருப்புது. ஹோல்டுக்குப் பதிலா அந்த முறைல மார்பை வலச் சுழற்சிக்கு மாத்துங்க, பத்தே ஃப்ரேம். கை ஏற்கெனவே வேகம் எடுத்துட்டதால குத்து குறையாது. அஞ்சாவது முறைல மார்பு ஹோல்ட்.

#16 கல்தூண்

கூடவே இடது பாதத்தையும் பாருங்கள், அந்தச் சுழலுக்கு அதுதான் அச்சு. இடது முழங்கால் நீண்டு நின்றால் எடை ஒற்றைக்காலில் ஏறி உடம்பு பம்பரமாகும். மூன்றாவது முறையிலேயே இடது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி ஹோல்ட், வலது முழங்காலை எக்ஸ்டெண்ட். வலது பாதம் தரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எழும்பாது.

#17 முதல்படி

இரண்டையும் சேர்த்துப் போட்டேன். டர்ன்ஃப்ரேம் 10-இல் நின்ற உக்கே, குனிந்த உக்கே இரண்டுக்கும் பாதம் எழவில்லை, முகம் எதிராளியைப் பார்த்தபடி இருக்கிறது. பாயும் உக்கேவுக்கு மட்டும் இன்னும் பின்னால் போகிறேன்.

#18 வலைக்கயிறு

பாய்ந்து வருபவரைக் குத்தாதீர்கள். அந்தக் கையில் வி அழுத்திப் பிடியுங்கள்.